முப்பத்தொரு விமானங்களின் முதலாளி

வானத்தில் பாதியைக் கட்டி ஆள்பவர் மாசிலாமணி. முப்பத்தொரு விமானங்கள் அவர் பெயரில் பறந்தன. பெயர் மட்டும்தான் அவருடையது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் பெயரில் இங்கே விமானத்தைப் பதிய முடியாது; முகம் தெரியாத அவர்களுக்காக டிரஸ்ட் கம்பெனியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம்.

சோதனைக்கு வந்த அதிகாரி அவரை ஒரு விமானத்தடிக்கே வரவழைத்துவிட்டார்.

“இதுக்குப் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர் ஆட்டி வைக்கிற பொம்மையா சார் நீங்க? அப்படின்னா பதிவை ரத்து பண்ணிடுவேன்.”

“நான்தாங்க மேடம் ஓனர். நான் சொன்னாத்தான் இது பறக்கும்.”

“அப்போ ஏறுங்க, உள்ள போய்ப் பேசலாம்.”

மாசிலாமணி விமானத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அதன் வெள்ளை வயிறு வானத்தையே மறைத்திருந்தது. கும்பிடப் போன கைகளைச் சட்டென்று அடக்கிக்கொண்டார். கம்பீரமாகப் படியேறி, வாசலில் நின்று திரும்பினார்.

அதிகாரி இன்னும் கீழேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் படியோரம் மாசிலாமணியின் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன.