மூன்றாம் மாடி விதவை

“முன்னாடி சாஞ்சா ஓடும், பின்னாடி சாஞ்சா நிக்கும். இவ்வளவுதான் மேடம் வித்தை” என்றான் ஹென்னிங்.

“இறங்கணும்னா?” என்று கேட்டாள் வீப்கே. அறுபது வயதிருக்கும். ஹெல்மெட் வாரை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இறங்கணும்னு நினைக்கறதுக்குள்ள பாதிப் பேர் விழுந்தே இறங்கிடுவாங்க.”

மற்ற நால்வரும் சிரித்தார்கள். மியூனிக்கிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, கல்லூரிப் பெண்கள் இருவர். வீப்கே சிரிக்கவில்லை. ஏறி நின்று, ஒரு விளக்குக் கம்பத்தை மயிரிழையில் தப்பவிட்டு, வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டாள்.

ஆளுக்கொரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் நிற்க வைத்து ஹாம்பர்க் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுவது ஹென்னிங்கின் பிழைப்பு. பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் வரலாறு படித்தவன். அந்தப் படிப்புதான் இந்த வேலைக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. சேர்ந்த புதிதில் வருஷம், ஆதாரம் என்று ஒழுங்காகச் சொல்லப் போய் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“உண்மை வேணும்னா மியூசியத்துக்குப் போவாங்கப்பா. நம்மகிட்ட வர்றவங்களுக்குக் கண்ணு கலங்கணும்.”

அன்றிலிருந்து ஹென்னிங் கண்கலங்க வைத்தான். பாராட்டு குவிந்தது. போன மாதம் மட்டும் யாரோ ஒரு வாத்தியார், அவன் சொன்ன பொய்யைப் போனிலேயே சரிபார்த்து, புகார் எழுதிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

துருப்பிடித்த கிரேன் ஒன்றின் அடியில் வண்டிகள் நின்றன.

“ஒரு ராஜா தன்னோட யானையைக் கப்பல்ல ஏத்தினது இந்தக் கிரேன்லதான்” என்று ஆரம்பித்தான் ஹென்னிங். “மேல போனதும் யானை அழுததாம்.”

“இதை எண்பத்தி மூணுலதான் கொண்டுவந்து நிறுத்துனாங்க” என்றது பின்னாலிருந்து வீப்கேயின் குரல். “நான் எதிர்ல மீன் ஏலத்துல எடை போட்டுக்கிட்டிருந்தேன். யானை எதுவும் வரல.”

ஹென்னிங் திரும்பிப் பார்த்தான். உள்ளூர்க்காரி. உள்ளூர்க்காரர்கள் எதற்கு இதில் ஏறுகிறார்கள்?

அடுத்து ஒரு பழைய கட்டடம். தூக்குக்குப் போகும் வழியில் கடற்கொள்ளைக்காரன் ஒருவன் கடைசியாக ஒரு குவளை பீர் குடித்த இடம் என்றான்.

“ரேடியோ ரிப்பேர் கடை” என்றாள் வீப்கே. “பீர் எல்லாம் கிடையாது. ரிப்பேரும் சரியாப் பண்ண மாட்டான்.”

பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மேடம், நீங்க முன்னாடி வந்து பேசுங்க. நான் கடைசியில நின்னுக்கறேன்” என்றான் ஹென்னிங் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அய்யோ, உன் அளவுக்கு எனக்கு வராதுப்பா. நீ சொல்லு.”

மிச்சமிருந்தது ஒரே இடம். அவனுடைய தங்கச் சுரங்கம். படகுத்துறைக்குப் பின்னால் சரிந்து ஏறும் சந்தில் வண்டிகளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினான்.

“அந்த மூணாவது மாடி ஜன்னலைப் பாருங்க. விளக்கு எரியுதா? அங்க ஒரு விதவை இருக்காங்க. புருஷன் கப்பல் கேப்டன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நவம்பர் மாசம், புயல்ல போனவர் திரும்பி வரல. தொப்பி மட்டும் கரை ஒதுங்கிச்சு. அவர் வழி தெரியாம நின்னுடக் கூடாதுன்னு அந்த அம்மா இன்னிக்கு வரைக்கும் விளக்கை அணைக்கறதில்லை.”

ஹென்னிங் கடைசி ஸ்கூட்டரைப் பார்க்கத் துணியாமல் காத்திருந்தான். குறுக்குப் பேச்சு வரவில்லை. பல் டாக்டரின் மனைவி மூக்கைச் சிந்தினாள். கல்லூரிப் பெண்கள் ஜன்னலைப் படம் எடுத்தார்கள்.

வீப்கே கேட்டாள்: “அவர் செத்தது நிச்சயமா?”

“உடம்பு கிடைக்கலை மேடம். ஆனா நிச்சயம்.”

“ம்” என்றாள்.

திரும்பி வந்ததும் எல்லோரும் ஹென்னிங்கின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். வீப்கே மட்டும் போகவில்லை. அவன் ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாகச் சார்ஜில் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, அந்த மூணாவது மாடி வீடு என்னோடது.”

ஹென்னிங் கையில் ஒயரோடு நிமிர்ந்தான்.

“அந்த விளக்கு என் பூச்செடிக்காக எரியுது. ஒரு வருஷமா நானும் பார்க்கறேன். தினமும் கூட்டம் வந்து என் ஜன்னலை அண்ணாந்து பார்க்குது. துணி காயப்போட எட்டிப் பார்த்தா மரியாதையா ஹெல்மெட்டைக் கழட்டுறாங்க. போன வாரம் வாசல்ல மலர்வளையம். என்னதான் நடக்குதுன்னு பார்க்க இன்னிக்கு நானே வண்டி ஏறிட்டேன்.”

“மேடம், சத்தியமா, ஏதோ ஒரு ஜன்னல்னுதான் காட்டினேன். உங்க வீட்டுக்காரர் நிஜமாவே போயிட்டார்னு தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன். நாளையிலேர்ந்து அந்தச் சந்துப் பக்கமே வரமாட்டேன். புகார் மட்டும் எழுதிடாதீங்க.”

“வரலைன்னாதான் எழுதுவேன்” என்றாள் வீப்கே. ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். “ஆனா அப்படியே பக்கத்துத் தெருவுக்கும் போ. பேக்கரிக்கு மேல முதல் மாடி. என் புருஷன் ரோல்ஃப் அந்தப் பேக்கரிக்காரியோட அங்கதான் குடித்தனம் பண்றான். நாலு மணிக்குப் பால்கனியில காபி குடிப்பான். அந்த நேரமாப் பார்த்துக் கீழ நின்னு, அவன் செத்த கதையைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”