பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வீடு

"ஆதிபாட வீசிங் பம்ப ஒளிச்சிட்டியா, ஸுபைதா?" மர்சூக் ஹாஜியார் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"மகள்ட கையிலேயே இருக்கு. இருமல் வந்தா அடுப்படிக் கதவச் சாத்திக்கச் சொல்லியிருக்கேன்."

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று மாடி வீடு. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வந்து குடியேறுவதற்காகவே கட்டியது. நாள் முழுக்க மேலே ஏறிவந்த பஸ் புகை, முதலில் வெள்ளைத் திரைச்சீலையைக் கறுப்பாக்கியது; பிறகு மகள் ஆதிபாவின் நெஞ்சுக்குள் போய் ஆஸ்துமாவானது. இன்று பெண் பார்க்க வரும் கொழும்புக்காரருக்கு இது தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும்.

மாப்பிள்ளை றம்ஸியும் அவருடைய உம்மா நஸ்மியாவும் சோபாவில் அமர்ந்ததும் ஹாஜியார் தொடங்கினார்.

"மாத்தளையில இப்பிடி ஒரு எடம் கெடைக்காது. கதவத் தொறந்தா பேங்க், எறங்கினா பஸ்!"

"ஜன்னல் எல்லாம் ஏன் சாத்தியிருக்கு?" என்று கேட்டார் நஸ்மியா.

"ஏசி போட்டிருக்கே!"

நஸ்மியா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார்.

"வேற ஊடு ஒண்ணும் இல்லையா, ஹாஜியார்?"

ஹாஜியார் அடுப்படிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டதா?

"பலாபத்வலைக்கு மேல, மிளகுத் தோட்டத்துல ஒரு பழைய ஓட்டு ஊடு. அட்டை கடிக்கும்."

"அதையே குடுங்க. எங்களுக்குப் பகட்டு புடிக்காது" என்றார் நஸ்மியா. சொல்லும்போது இரண்டு கையிலும் தங்க வளையல்கள் கலகலத்தன.

"மர்சூக் ஹாஜியார் மருமகனக் காட்டுல குடிவெச்சிட்டார்னு ஊரே சிரிக்குமே! ஒருக்கா இந்தப் பால்கனியப் பாத்துட்டுச் சொல்லுங்க." மனைவி கண்ணைக் காட்டுவதற்குள் வீம்பில் கதவை அகலத் திறந்துவிட்டார்.

கீழே கண்டி பஸ் புறப்பட்டது. கரும்புகை அழைத்த விருந்தாளியைப்போல் நேரே ஹாலுக்குள் வந்தது.

இருமல் வெடித்தது. ஸுபைதா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது சம்பந்தம்.

கண்ணைத் திறந்தபோது அடுப்படிக் கதவு சாத்தியபடியே இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவர் மாப்பிள்ளை.

நஸ்மியா கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். "யா அல்லாஹ், பம்ப வேன்லயே விட்டுட்டேனே! கொழும்ப விட்டு நல்ல காத்துள்ள ஊருக்குப் போங்கன்னு டாக்டர் சொன்னதாலதானே மாத்தளையில பொண்ணு தேடினோம்!"

அடுப்படிக் கதவு திறந்தது. மூச்சிரைக்க வந்த ஆதிபா நீலப் பம்ப் ஒன்றை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"நல்லாக் குலுக்கிட்டு இழுங்க... சுருக்கா முடிச்சிட்டு எனக்கும் தாங்க."