இடைவேளைக்கு ஒரு காரணம்

“இதுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா? பாட்டுப் போட்டுக்கிட்டுக் குளிக்கிறான்னு?”

“ரொம்பச் சத்தமாப் போடறான்.”

“கதவைச் சாத்திக்க வேண்டியதுதானேன்னு படம் பாக்கறவங்க சொல்வாங்க” என்றாள் அவள்.

அவன் திரைக்கதை எழுதுகிறவன். கதையில் கண்ட இடத்திலெல்லாம் சிக்கல் போட்டு வைப்பதால் சினிமா வட்டாரத்தில் அவனுக்கு ‘முடிச்சு’ என்று பெயர். அவள் வசனம் எழுதுகிறவள். இருவரும் சேர்ந்து ஏழு படங்கள் எழுதியாகிவிட்டது. எட்டாவது படம் இடைவேளையில் வந்து படுத்துவிட்டது. அந்த இடத்தில் கதாநாயகனும் அவன் மனைவியும் பிரிய வேண்டும். ஏன் பிரிகிறார்கள் என்பதுதான் வர மாட்டேன் என்றது.

காலையில் இயக்குநர் போன் செய்து, மதியத்துக்குள் காரணம் வந்தாக வேண்டும், நடிகர்கள் மேக்கப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இவர்களுக்கோ அன்று பார்த்து வெளியே ஒரு வேலை. நீண்ட வராந்தா. சுவரோரமாக மர பெஞ்சுகள். எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக் கிடக்கும் ஆட்கள். கடைசி பெஞ்சின் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்து, நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார்கள்.

“சரி, இன்னொரு பொண்ணு?” என்றான் முடிச்சு.

“அவனுக்கா? ஒரு சட்டை எடுக்கவே பொண்டாட்டி கூட வரணும். இன்னொரு பொண்ணை யாரு பாத்து எடுத்துக் குடுப்பா?”

“ஆம்பளையை அவ்வளவு மட்டமா எழுதாதே.”

“நான் எங்கே எழுதினேன்? அந்தக் கடை சீன் நீ எழுதினது.”

அவன் தலையைச் சொறிந்தான். “அப்போ மாமியார்.”

“அவங்களைத்தான் ஆரம்பத்துலேயே தங்கமா ஆக்கிட்டியே. மருமகளுக்காகப் பரிஞ்சு பேசறதே அவங்கதான். இனிமே விஷமாக்கினா நடிக்கிற அம்மா நம்மளை அடிக்க வருவாங்க.”

“பொண்டாட்டிக்கு வாய் நீளம்.”

“அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டான்? முதல் பாட்டுக்கு முன்னாடியே அவனைக் கிழிகிழின்னு கிழிக்கிறா. அதைக் கேட்டுத்தான் ஐயா மயங்கியே போறாரு.”

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணு இருக்கு. வெளியூர்ல அவனுக்கு ஒரு வேலை வருது. அவளைக் கேக்காமலே சரின்னு சொல்லிடறான்.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த அவன் விரல் நின்றது. “கேட்டா வேண்டாம்னு சொல்வாளோன்னு பயந்திருப்பான்.”

“சொல்லியிருக்க மாட்டா. அவளே பெட்டி கட்டிக் குடுத்திருப்பா. நம்மளை ஒரு வார்த்தை கேக்கலையேங்கறதுதான் அவளுக்கு வருத்தம்.”

“அதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“அவன் கேட்டிருக்கலாமே.”

அவன் மெதுவாக, “இப்போ கேட்டுடறான்னு வை” என்றான்.

“கேட்டா அவ சிரிச்சுடுவா. அப்புறம் எங்கே பிரியறது?”

“சரி, மாசக்கணக்காப் பேச்சுவார்த்தையே இல்லைன்னு வைப்போம்.”

“ஏன் இல்லை?”

“யார் முதல்ல பேசறதுன்னுதான்.”

“அதுக்குப் போய்ப் பிரிவாங்களா? முன் வரிசையில இருக்கறவன் எழுந்து, பேசித் தொலைங்கடான்னு கத்துவான்.”

முடிச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. இயக்குநர். “என்னப்பா, காரணம் கிடைச்சுதா?”

“எதை வச்சாலும் ரெண்டு பேரும் பிரிய மாட்டேங்கறாங்க சார்.”

“யாரைக் கேட்டு மாட்டேங்கறாங்க? நீங்க எழுதின ஆளுங்கதானே?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் போனை வாங்கினாள். “சார், பிரியாமலே இடைவேளை விட்டுடலாம்.”

“அப்புறம் ரெண்டாம் பாதி பூரா என்னம்மா பண்ணுவாங்க?”

“ஒரே வீட்டுல இருந்து சண்டை போடுவாங்க. பிரிஞ்சுட்டா கதை அதோட முடிஞ்சுது சார். கூட இருந்தாத்தான் மிச்ச ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருக்கு.”

“சரி, எழுதி அனுப்புங்க” என்று இயக்குநர் போனை வைத்துவிட்டார்.

முடிச்சு லேப்டாப்பை மடிக்கு மாற்றிக்கொண்டு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். நடுநடுவே இருவரும் திட்டிக்கொண்டார்கள். காட்சி தடதடவென்று வந்து விழுந்தது. அனுப்பியும் ஆயிற்று.

அப்போது எதிர் அறையின் கதவு திறந்தது. ஊழியர் ஒருவர் இவர்களைப் பார்த்து, “விவாகரத்து கேட்டவங்க நீங்கதானே? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உள்ளே வாங்க, ஜட்ஜ் கூப்பிடறாங்க” என்றார்.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

“ஒரு வாய்தா கிடைக்குங்களா?” என்று கேட்டாள் அவள். “எங்களுக்குக் காரணம் எதுவும் சரியா அமையலை.”