இடது பக்கம் ஏழு கூடை

நாலாவது கூடையும் விழுந்தது. டெஷான் இந்த முறையும் கையைத் தூக்கியதோடு சரி.

க்ளென் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்தான். எதிரில் நிற்பவன் இரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டர். சும்மா நின்றாலே பாதி வளையம் மறைந்துவிடும். ஆனால் அவனைத் தாண்டிப் போவது திறந்து கிடக்கும் கேட்டைத் தாண்டிப் போவது மாதிரி இருந்தது.

நினைத்தது சரியாகப் போய்விட்டது என்று க்ளென் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஒரு வாரமாகவே அவனுக்குச் சந்தேகம். போன சீசனில் நியூசிலாந்தில் ஆட்டத்துக்கு இருபத்தேழு புள்ளி எடுத்த அமெரிக்கன், இந்த ஆற்றோர ஊரின் கூடைப்பந்து கிளப்பைத் தேடி ஏன் வர வேண்டும்? ஏஜென்ட் அனுப்பிய வீடியோவில் இவன் போட்ட கூடைகள் மட்டும்தான் இருந்தன. இவன் தலைக்கு மேலே மற்றவர்கள் போட்டதையெல்லாம் வெட்டி எறிந்தது யார்?

வெளியூர் ஆட்டக்காரர்கள் முதலில் கேப்டனான க்ளென் வீட்டில்தான் தங்குவார்கள். டெஷான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். க்ளெனுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது.

இந்த கிளப்பில் ஒரு வழக்கம். புதிதாக வரும் உயரமான ஆள் கேப்டனோடு ஒண்டிக்கு ஒண்டி ஆட வேண்டும். மாறி மாறிப் பந்து, ஏழு கூடை, ஃபவுல் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் கேப்டன் சொல்வதுதான் முடிவு, கமிட்டிகூட அதற்கு மேல் பேசாது. க்ளென் இதுவரை மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். மூவருக்கும் தடுக்கத் தெரியவில்லை.

இவனை எடுத்தால் யாருடைய இடம் போகும் என்பது ஊருக்கே தெரியும். பதினான்கு வருடமாக க்ளென் நின்ற இடம் அது. அதற்காக அவன் பொய் சொல்லப்போவதில்லை. பொய்க்கு வேலையே வைக்காமல் டெஷான்தான் வழி விட்டுக்கொண்டிருந்தானே.

தன் முறை வந்தபோது டெஷான் ஒன்றையும் தவற விடவில்லை. கொக்கி மாதிரி கையை வளைத்து அலட்டிக்கொள்ளாமல் போட்டான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஐந்து. க்ளென் இடது பக்கம் திரும்பினான், வழி கிடைத்தது. ஆறு. மறுபடி இடது பக்கம்.

மார்ச் வெயிலில் தகரக் கூரை கொதித்தது. முழுக்கால் சட்டைக்குள் வியர்வை ஓடியது. ஆனாலும் உடம்பில் தெம்பு இருந்தது. பயிற்சியில் இன்றுவரை அவனை நிறுத்த ஆளில்லை. போன சீசன் மேட்சுகளில்தான் என்னவோ பந்து விழ மறுத்தது. அதற்கு அவன் நடுவர்களைச் சந்தேகப்பட்டு வைத்திருந்தான்.

ஏழு.

கோச் நோலீன் ஓரத்துப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் போவதற்குள் இவனை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று க்ளெனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"ஏன் மச்சான், கூடை போடத்தான் வந்தியா? தடுக்குறதுக்குத் தனியா ஆள் கூட்டிட்டு வரணுமா?"

டெஷான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தான். குத்தலாகப் பதில் வரும் என்று க்ளென் காத்திருந்தான்.

"இல்ல கேப்டன். ஒரு வாரமா பயிற்சியில பாக்குறேன், நீங்க இடது பக்கம் திரும்பினா எல்லாரும் ஒதுங்கிடறாங்க. உங்க முட்டிக்காக இங்க அப்படி ஒரு ரூல் இருக்கு போலன்னு நெனச்சேன்."

இடது முட்டியைப் பற்றி க்ளென் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. வேலை பார்க்கும் ஆரஞ்சுக் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியிலிருந்து இறங்கும்போதுகூட, ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் இறங்குவான்.

அவன் கோச்சைத் திரும்பிப் பார்த்தான். நோலீன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவமானம்தான் வந்தது. பிறகு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்னொரு வருடம் அந்த இடம் அவனுக்கே.

பந்தை எடுத்தான்.

"இன்னும் ஒண்ணு. இந்தத் தடவ ரூல் எதுவும் கிடையாது."

இடது பக்கம் திரும்பினான். வழி இல்லை. மார்பு மார்பில் மோதியது. பந்து எப்போது கையை விட்டுப் போனது என்றே தெரியவில்லை, மூன்றாவது வரிசை நாற்காலியில் அது போய் விழும் சத்தம்தான் கேட்டது. சரிந்தவனை டெஷான் ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

க்ளென் நொண்டிக்கொண்டே பெஞ்சுக்குப் போனான். மறைக்கவில்லை.

"எடுத்துக்குங்க கோச். மனசு வச்சா நல்லாவே தடுப்பான்."

நோலீன் தலையாட்டினார். ஏன், எப்படி என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

க்ளென் போகாமல் அங்கேயே நின்றான்.

"போன வருஷம் தடுக்கத் தெரியலன்னு அனுப்பினேனே, அந்த செர்பியாக்காரன். அவனும் ஒரு வாரம் நம்மகூடப் பயிற்சி எடுத்தான்ல?"

நோலீன் குனிந்து பந்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.