தண்ணீர் குடிக்கும் போட்டி

"முழுசாக் குடிங்கக்கா, போட்டோ நல்லா வரும்," என்றாள் வேல்விழி. பேசும் தண்ணீர் இயந்திரத்தை ஆலைக்குக் கொண்டுவந்து வைத்த கம்பெனியின் பெண் அவள்.

ரோஜா விழாப் பந்தலின் மேடையில் நின்று ஒரு பெரிய பாட்டில் தண்ணீரையும் மடக் மடக்கென்று குடித்தாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலை அது. அங்கே அதிகம் தண்ணீர் குடிப்பவள் இவள்தான் என்று அந்த இயந்திரமே தேர்ந்தெடுத்திருந்தது. பரிசு ஒரு குக்கர்.

குக்கரைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. குடித்திருந்தால்தானே!

சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்த இயந்திரத்தில் விரலை வைத்தால் பாட்டிலை நிரப்பிவிட்டு, "சபாஷ் ரோஜாக்கா!" என்னும். வைக்காவிட்டால், "ரோஜாக்கா இன்னும் தண்ணி குடிக்கலையே" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்பும். ஆண்கள் சிரிப்பார்கள். மானம் போகுமே என்று அவள் வேளை தவறாமல் நிரப்பி, வேளை தவறாமல் வேப்பமரத்தடியில் கொட்டினாள்.

அவள் மட்டுமா, எல்லாப் பெண்களும்தான். இவள் மற்றவர்களைவிடப் பயந்தாங்கொள்ளி, அதனால் முதலிடம்.

கக்கூஸ் சாவி போர்மேன் சுடலையின் இடுப்பில் தொங்கியது. சீசன் நேரத்தில் கதவைத் திறந்து போட்டால் பெண்கள் போய் உட்கார்ந்துகொள்வார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. சாவி கேட்டால், "இப்பத்தான போன, மறுபடியுமா?" என்று அடுத்த அறைக்கும் கேட்கும்படி கேட்பார். அதைக் கேட்பதற்குத் தொண்டை வறண்டே சாகலாம்.

விருந்தினர்கள் பேசத் தொடங்கினார்கள். நீரே உயிர் என்றார் ஒருவர். இன்னொருவர் சிறுநீரகத்தைப் பற்றிய பேச்சை விடவே மாட்டேன் என்றார்.

ரோஜாவுக்கு அடிவயிறு முட்டியது. கீழே நின்ற சுடலையிடம் கண்ணாலேயே கெஞ்சிப் பார்த்தாள். பரிசுக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அவர் பெருமையாகத் தலையாட்டினார். இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் வாய்விட்டு எப்படிக் கேட்பாள்?

வேல்விழி மைக்கை நீட்டினாள். "தண்ணி குடிக்க ஆரம்பிச்சப்புறம் என்ன மாற்றம்னு சொல்லுங்கக்கா."

ரோஜா வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்கு முன்னால் மற்றது வந்துவிட்டது.

காலோடு சூடாக இறங்கியது. சேலை ஈரமாகி ஒட்டியது. விருந்தினர்கள் இன்னும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தால் தெரிந்துவிடும். நகர்ந்தாலும் தெரிந்துவிடும். இருக்கன்குடி மாரியாத்தா, என்னைய இப்படியே கொண்டு போயிரு என்று வேண்டிக்கொண்டாள்.

அவளோடு ஒரே அறையில் வெடிக்கு மருந்து அடைக்கும் பானுப்பிரியா எழுந்தாள். பந்தலை ஒட்டிய கொட்டகைத் தூணில் நெருப்பணைக்கத் தொங்கிய சிவப்பு வாளியைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தாள்.

"ஆத்தாடி, அக்கா சேலையில பொறி! பொறி!"

கத்திக்கொண்டே வாளித் தண்ணீரை ரோஜாவின் தலையோடு கவிழ்த்தாள்.

பட்டாசு ஆலையில் அந்த ஒரு சொல் போதும். சிறுநீரகக்காரர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வேல்விழி மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். சுடலை எல்லோருக்கும் முன்னால் கேட்டைத் தாண்டியிருந்தார்.

ரோஜா சொட்டச் சொட்ட நின்று அழுதாள். பானுப்பிரியா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எந்த ஈரம் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் ரோஜா பந்தலைப் பார்த்தாள்.

பொறி என்று காதில் விழுந்தால் தின்கிற சோற்றைப் போட்டுவிட்டு ஓடுகிற பெண்கள். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.