சலுகை முடியும் மாதம்

“வரிச் சலுகை முடிஞ்சா நம்ம வீட்ல லைட்டையெல்லாம் அணைச்சிடுவாங்களாப்பா?”

சின்னவள் அப்படிக் கேட்டதும் தையற்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் கவ்வியிருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“அதெல்லாம் இல்லடா கண்ணு. ரெண்டு வருஷமா வருமான வரியில கொஞ்சம் விட்டுக் கொடுத்தாங்க. அது முடியுது. இனிமே சம்பளம் கைக்கு வரும்போதே இளைச்சுப் போய்தான் வரும். நாம கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்.”

“பீஸ் கட்ட அடுத்த மாசம் இருபதாம் தேதிதான் கடைசி. ஆறாயிரம் துண்டு விழுது,” என்றாள் மனைவி. “முதல்ல உங்க டீக்கடையில இருந்து ஆரம்பிக்கலாமா?”

“ஒரு நாளைக்கு நாலு டீதானே குடிக்கிறேன்?”

“நாலு டீ, கூட நாலு பேர். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துச் சரணடைந்தார்.

“நான் முடி வெட்டிக்க மாட்டேன். அந்தக் காசு மிச்சம்,” என்றான் பத்து வயது மகன்.

“தியாகமாடா இது? சாக்கு,” என்று அம்மா அவன் காதைப் பிடித்தாள்.

“சரி, ஸ்கூல் வேன் வேணாம். நடந்தே போறோம். இவ பையையும் நானே தூக்கிக்கறேன்.”

காதைப் பிடித்த கை மெல்லத் தலைக்கு ஏறி வருடியது.

சின்னவள் விடுவாளா? “பிறந்தநாளுக்குப் புதுத் துணி வேணாம்பா. கடையில விழுற துண்டுத் துணியில கவுன் தைச்சுக் குடு. எல்லாக் கலரும் வரும்ல?”

“உத்தரவு மகாராணி.”

“ஞாயித்துக்கிழமை ஹோட்டலும் கிடையாது,” என்றாள் மனைவி. “என் சமையலைக் குறை சொன்னா அபராதம்.”

“அப்படின்னா ஒரே வாரத்துல பீஸ் சேர்ந்துடும்,” என்றார் தையற்காரர். அன்று அந்த வீட்டில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுமாதம் முழுக்கச் செலவு இளைத்தது, சந்தோஷம் இளைக்கவில்லை. நடந்து போனதில் பிள்ளைகளுக்குத் தெருநாய்கள் அத்தனையும் சிநேகமாயின. ஏழு நிறக் கவுனைப் பார்த்து வகுப்பே பொறாமைப்பட்டது. பத்தொன்பதாம் தேதி காலை கடைசி நோட்டையும் உறையில் வைத்தபோது, தையற்காரர் கண்களை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

மதியம், தைத்து முடித்த இரண்டு வெள்ளைச் சீருடைகளோடு மாடிப்படி ஏறினார். மாடி வீட்டு நர்ஸ் வருஷா வருஷம் புதிதாகத் தைப்பவள். இந்த முறை, போன மாதமே, பழையதையே கொண்டுவந்து, “காலரை மட்டும் திருப்பித் தைச்சுக் குடுங்கண்ணே. சலுகை போகுது, பையன் பீஸுக்கே ஆறாயிரம் இடிக்கும் போலிருக்கு,” என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் இவர் கை முறிந்து தையல் மெஷின் நாலு மாதம் தூங்கியபோது, இவர் பிள்ளைகளின் பீஸைச் சத்தமில்லாமல் கட்டியவள் அவள்தான். திருப்பிக் கொடுக்கப் போனபோதெல்லாம் பேச்சை மாற்றியவளும் அவள்தான்.

வீட்டில் யாரும் இல்லை. உறையைச் சீருடைப் பாக்கெட்டுக்குள் வைத்து ஊக்கு குத்தி, ஜன்னல் வழியாக உள்ளே வைத்துவிட்டு, பூனை போல் இறங்கி வந்தார்.

வருமான வரி கட்டும் அளவுக்குத் தையற்காரர் ஒருநாளும் சம்பாதித்ததே இல்லை.