உட்கார்ந்து பேசலாம்

குழந்தை மதியம் தூங்கும் கட்டிலைச் சுற்றிப் புதுக் கொசுவலை தொங்கியது. ரத்தம் கிடைக்காவிட்டால் முட்டையிட முடியாதே என்று சிங்காரிக் கொசு சீறிக்கொண்டு வந்தாள்.

"ஏய் வலை! உங்கப்பன் பருத்தி வலைகூட எங்கம்மாவுக்கு ஒரு கிழிசல் விட்டாரு. உனக்கென்ன திமிரு?"

"கோபப்படாதீங்கக்கா. மேல உட்காருங்க, பேசிக்கலாம்" என்றது வலை.

உட்காரச் சொல்கிறவன் எப்படியும் இறங்கி வருவான் என்பது பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட சிங்காரிக்குத் தெரியாதா? ஆறு காலையும் பரப்பி ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"கன்னம் வேணாம், கட்டைவிரல் போதும்."

"பேசுங்கக்கா."

"சரி, சுண்டுவிரல்!"

"அவசரமில்லக்கா."

பேசப் பேசக் கால்கள் மரத்துப்போயின.

"அடப்பாவி, உன் மேல என்னடா தடவியிருக்கு?"

"கொசு மருந்துக்கா. அப்பாவுக்கு அது கிடைக்கல."

"ஐயோ, விரலும் வேணாம், ஒண்ணும் வேணாம், என்னை விட்டுடு!"

"நான் எங்கக்கா பிடிச்சேன்? நீங்கதானே உட்கார்ந்திருக்கீங்க!"